பல்லுக்கு வேண்டிய இடைவேளை

பல் சொத்தை எதனால் வருகிறது என்று கேட்டால், இனிப்புத் தின்பதால் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தன் பல்லைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. இனிப்புப் பண்டங்களை அடியோடு விட்டும் கடைவாய்ப் பல்லை இழந்தவர்கள் உண்டு; கோயில் விழாவில் வயிறாரச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டும் பல் கெடாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. இது ஏன் என்று புரிந்துகொள்ள ஐயம்பேட்டை போன்ற ஓர் ஊரின் பகல்பொழுதைப் பார்த்தால் போதும். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் உள்ள இந்த நெசவாளர் ஊரில் வீடுதான் பட்டறை. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் எழுந்து வருவது எளிதல்ல. கோர்வைச் சேலை என்றால் கூடவே இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். எண்ணெய்க் கை பட்டில் படவும் கூடாது. அதனால் பசிக்கும் அலுப்புக்கும் மருந்தாக டீ வந்து சேருகிறது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நடுப்பகலில், மூன்று மணிக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில் என்று ஐந்தாறு முறை, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கரண்டிச் சர்க்கரை. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அந்தச் சர்க்கரை ஒரு தட்டு இனிப்பைத் தாண்டாது. ஆனால் பல்லுக்கு அது ஒரு தட்டு இனிப்பு அல்ல, ஐந்தாறு தாக்குதல். சொத்தையைத் தீர்மானிப்பது இனிப்பின் அளவைவிட, அது வாய்க்குள் வரும் தடவைகளும் அவற்றுக்கு நடுவே பல்லுக்குக் கிடைக்கும் ஓய்வும்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பல்லின் மேல்பூச்சான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகம். கல்லைப் போன்ற இந்தப் பொருளுக்கு அமிலம்தான் பெரிய எதிரி. பல்லின்மேல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவையும் சாப்பிட்டு, லாக்டிக் அமிலத்தைக் கழிவாக விடுகின்றன. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1890-ல் வெளியிட்ட நூலில் இந்த உறவை எடுத்துக்காட்டினார். 1924-ல் லண்டனில் கிலியன் கிளார்க், சொத்தைப் பற்களிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் ஒரு படி மேலே போய், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று நேரடியாக அளந்தார். சில நிமிடங்களிலேயே பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) மளமளவென்று சரிந்து, எனாமல் கரையத் தொடங்கும் எல்லையான 5.5-க்குக் கீழே போனது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடித்தது. சொத்தை அதிகம் உள்ளவர்களின் வாயில் அந்த மீட்சி இன்னும் தாமதமானது. டீ குடித்து முடிக்கும் நேரம் ஐந்து நிமிடம்; பல்லுக்கு அது ஒரு மணி நேர வேலை.

கரைந்த தாது கரைந்ததோடு போய்விடுவதில்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் இருக்கிறது. வாய் அமிலம் நீங்கித் தெளிந்தவுடன் இழந்த தாதுவை உமிழ்நீர் எனாமலுக்குத் திருப்பித் தருகிறது. தறிக்காரர் முதலாளியிடம் வாங்கும் முன்பணம் போன்றது இந்தக் கணக்கு. வாங்கியதைக் கூலியில் கழித்துவிட்டு அடுத்ததை வாங்கினால் குடும்பம் தாங்கும். கழியும் முன்பே மேலும் மேலும் வாங்கினால் கடன் தலைக்கு மேல் போகும். நாளுக்கு மூன்று வேளை உணவோடு நின்றால் உமிழ்நீரால் கணக்கை நேர்செய்ய முடியும். நடுவே ஆறு டீ, இரண்டு பிஸ்கட், ஒரு மிட்டாய் என்று சேர்ந்தால் விழித்திருக்கும் நேரத்தில் பாதியைப் பல் அமிலத்திலேயே கழிக்கிறது. முதலில் எனாமலில் சுண்ணாம்பு பூசியது போல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தக் கட்டம் வரை சரிசெய்ய வழி உண்டு. மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால், உடல் தானாக அதை மூடாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு மட்டும் அதைப் புதிதாகச் செய்யும் உயிரணுக்கள் பல் முளைத்த பின் இருப்பதில்லை.

பல்லில் பூச்சி இருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் சாகவில்லை. கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்துப் பூச்சியை விழவைப்பதாகச் சொல்பவர்கள் இருந்தார்கள்; அவர்கள் காட்டிய ‘பூச்சி’ அந்த விதையிலிருந்தே வந்தது. பழைய பாபிலோனியாவிலும் இதே நம்பிக்கை இருந்தது என்பதால் நம்மவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பல்லுக்குள் குடைவது போன்ற வலியைப் பட்டவர் வேறெப்படி நினைப்பார்? 1728-லேயே பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் தம் நூலில் இந்தப் பூச்சியை மறுத்துவிட்டார். ஆனாலும் இந்த நம்பிக்கைக்குள் ஓர் உண்மைத் துணுக்கு உண்டு: சொத்தை உயிர்களின் வேலைதான். 1954-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணுயிரே இல்லாத சூழலில் எலிகளை வளர்த்து, சர்க்கரை மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்குச் சொத்தை வரவில்லை. ஆக, சர்க்கரை மட்டும் இருந்தாலும் சொத்தை இல்லை, பாக்டீரியா மட்டும் இருந்தாலும் சொத்தை இல்லை. இரண்டும் சேர்ந்து, நேரமும் கிடைக்க வேண்டும். பாக்டீரியாவை வாயிலிருந்து ஒழிப்பது நடக்காத காரியம். குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலும் தாயின் எச்சில் வழியாக அவை குடியேறிவிடுகின்றன. நம் கையில் இருப்பது சர்க்கரையும் நேரமும்தான்.

நேரம் அளவைவிட முக்கியம் என்பதற்கு ஆதாரம் தந்த ஆய்வு, மருத்துவ வரலாற்றின் வெட்கக்கேடுகளில் ஒன்று. ஸ்வீடனில் லுண்ட் நகருக்கு அருகே விபேஹோல்ம் என்ற மனநல விடுதியில், சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாத அறிவுத்திறன் குன்றிய நோயாளிகள்மீது 1945 முதல் சொத்தை ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு உணவோடு சேர்த்து நிறையச் சர்க்கரை கொடுத்தார்கள். சொத்தை சிறிதளவே கூடியது. இன்னொரு பிரிவினருக்கு உணவு வேளைகளுக்கு நடுவே, பல்லில் ஒட்டும் டாஃபிகளைக் கொடுத்தார்கள். சொத்தை தாவி ஏறியது. டாஃபியை நிறுத்தியதும் ஏற்றம் தணிந்தது. 1954-ல் முடிவுகள் வெளியாயின. இப்படி ஓர் ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த மனிதர்களின் பற்கள் வேண்டுமென்றே கெடுக்கப்பட்டன. அவர்கள் கொடுத்த விலையில் நமக்குக் கிடைத்த அறிவை வீணாக்குவது இரண்டாவது அநீதி. அதனால்தான் சொல்கிறேன்: வரதராஜப் பெருமாள் கோயிலில் ஒரு தொன்னைப் பொங்கலை வாங்கிச் சாப்பிடும் குழந்தையைத் தடுக்க வேண்டாம். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் வாங்கிய மிட்டாயைப் பகல் முழுக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருக்கும் பழக்கத்தைத் தடுங்கள்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் என்று மாறிவிட்டால் பல் தப்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கலாம். பாக்டீரியாவுக்கு அது வெறும் சர்க்கரைதான். வெல்லப் பாகில் செய்த கடலை மிட்டாய் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்வதால் இன்னும் அதிக நேரம் நிற்கும். இட்லியும் சோறும் மாவுப்பொருள்தானே, அவையும் சொத்தையைக் கொண்டுவராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமைத்த மாவுப்பொருள் உமிழ்நீரில் சிதைந்து சிறிதளவு சர்க்கரையாகிறது. ஆனால் அது தனியாகப் பெரிய கேடு செய்வதில்லை. பிறவிக் குறைபாட்டால் பழச்சர்க்கரையை உடல் ஏற்காத சிலர் இருக்கிறார்கள். அவர்களால் சர்க்கரையும் பழமும் சாப்பிட முடியாது, சோறும் ரொட்டியும் சாப்பிட முடியும். அவர்களுக்குச் சொத்தை மிகக் குறைவு. மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லி பல்லுக்கு ஆபத்தில்லாத உணவு. மாவும் சர்க்கரையும் கலந்து பிசுபிசுக்கும் கிரீம் பிஸ்கட்டும் பன்னும்தான் ஆபத்து. டீயும் தன்னளவில் குற்றவாளி இல்லை. தேயிலையில் இயல்பாகவே ஃபுளூரைடு இருக்கிறது. சர்க்கரை போடாத டீ பல்லைக் கெடுப்பதில்லை.

‘எங்கள் தாத்தா ஆலங்குச்சியிலும் வேலங்குச்சியிலும்தான் பல் விளக்கினார், கடைசிவரை கரும்பு கடித்தார்’ என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. நார்நாராகக் கடித்த குச்சி படலத்தைத் தேய்த்து எடுக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் தாத்தாவின் பல்லைக் காத்ததில் குச்சிக்கு இருந்த பங்கைவிட, அவர் காலத்தில் சர்க்கரை அரிதாக இருந்ததன் பங்கு பெரிது. இதற்குச் சான்று ஆஸ்திரேலியாவின் ஹோப்வுட் இல்லத்தில் கிடைத்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சர்க்கரையும் வெள்ளை மாவும் ஏறத்தாழ இல்லாத காய்கறி உணவு. பல் துலக்குவதில் அவர்கள் ஒன்றும் சிறந்தவர்கள் இல்லை, ஆனாலும் மற்றப் பிள்ளைகளைவிடச் சொத்தை மிகக் குறைவாக இருந்தது. வளர்ந்து இல்லத்தை விட்டு வெளியேறி ஊரார் சாப்பாட்டுக்கு வந்தவுடன் சொத்தையும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை கிடைக்காமல் போன ஜப்பானில் பிள்ளைகளின் சொத்தை குறைந்து, போருக்குப் பின் சர்க்கரை திரும்பியபோது ஏறியது. இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03-ல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினருக்கும், 35 முதல் 44 வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் சொத்தை இருந்தது. குச்சியின் காலத்துக்குத் திரும்பிப் போனால் இந்த எண் குறையாது, ஏனென்றால் சர்க்கரையின் காலம் நம்மோடுதான் இருக்கிறது.

அப்படியானால் தறியில் உட்காருபவர் என்ன செய்யலாம்? டீயை விடச் சொல்லும் அறிவுரை எந்த நெசவாளர் வீட்டிலும் செல்லாது, நானும் அதைச் சொல்லப்போவதில்லை. காலை டீயிலும், சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் டீயிலும் சர்க்கரை இருக்கட்டும். நடுவில் வரும் டீக்களில் மட்டும் விட்டுவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் உறிஞ்சாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம். கொறிக்க வேர்க்கடலையோ சுண்டலோ போதும். டீயைத் தவிர்க்கப் பாக்கையும் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்பவர்கள் சொத்தையைவிடக் கொடியதை வரவழைக்கிறார்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இந்த மக்களுக்குத் தெரியாத இடமல்ல.

அடுத்தது இரவு. தமிழ் வீடுகளில் காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்; அந்த ஒழுங்கு நல்லதே. ஆனால் படுக்கப் போகும்முன் துலக்கும் வழக்கம் அவ்வளவாக இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். பகலில் அரை மணியில் தணியும் அமிலம் இரவில் நெடுநேரம் நிற்கும். ஒரு வேளைதான் துலக்க முடியும் என்றால் நான் இரவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். எதைக் கொண்டு துலக்குகிறோம் என்பதும் முக்கியம். சாம்பல், உமிக்கரி, செங்கல்பொடி ஆகியவை பல்லை வெள்ளையாக்குவது எனாமலைத் தேய்த்துத்தான். மூலிகை என்ற பெயரோடு வரும் பல பற்பொடிகளிலும் பசைகளிலும் ஃபுளூரைடு இல்லை. ஃபுளூரைடு பல்லின் மேற்பரப்பில் இருந்தால், திரும்பி வந்து படியும் தாது முன்பைவிட அமிலத்தைத் தாங்கக்கூடியதாக அமையும். ஃபுளூரைடு பசையைப் பயன்படுத்திய பிள்ளைகளுக்குச் சொத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது என்று பல பத்து ஆய்வுகளைத் தொகுத்து 2003-ல் காக்ரேன் குழு காட்டியது. இந்தியச் சட்டப்படி பற்பசையில் ஃபுளூரைடு பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக் கூடாது, அந்த அளவைக் குழாயின்மேல் அச்சிடவும் வேண்டும். வாங்கும்முன் அந்த வரியைப் படிப்பது விளம்பரத்தைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும்; தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்தால் பூசிய மருந்தைக் கழுவிவிட்டது போலாகும்.

இங்கே ஒரு கடும் ஆட்சேபம் எழும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல்லில் பழுப்பேறி, எலும்பு வளைந்து மக்கள் பட்ட பாடு ஃபுளூரைடால்தானே? ஆம், அதனால்தான். தென்னிந்தியாவில் இந்த நோயை முதலில் விவரித்தவர்கள் 1937-ல் நெல்லூர்ப் பகுதியை ஆராய்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும். அன்று நெல்லூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டதற்கே ஃபுளூரைடு கலந்த நிலத்தடி நீர்தான் காரணம். இந்தியத் தர அமைப்பு குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஆண்டுக்கணக்கில் அதற்கு மேல் குடிப்பது ஒன்று, ஒரு நாளில் இரண்டு முறை பல்லில் பூசித் துப்புவது வேறு. அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் 1945-ல் செய்தது போலக் குடிநீரில் ஃபுளூரைடு சேர்ப்பதை நம் நாட்டுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஓர் ஊர்க் கிணற்றுக்கும் அடுத்த ஊர் ஆழ்துளைக்கும் அளவு மாறும் மண் இது. பசை வழியே கொடுத்தால் அளவு நம் கையில் இருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, விழுங்காமல் பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தவறான எண்ணத்தைக் கட்டாயம் திருத்த வேண்டும். விழப்போகிற பால்பல்தானே என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்பவை; அத்தனை ஆண்டும் வலியோடு சாப்பிடும் பிள்ளை சரியாக வளராது, தூங்காது, படிக்காது. இதைவிடப் பெரிய இழப்பு ஆறு வயதில் நடக்கிறது. எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பெற்றோர் அதையும் பால்பல் என்று எண்ணிவிடுவதால், முளைத்து ஓரிரு ஆண்டுகளிலேயே குழி விழுந்து, பத்து வயதில் பிடுங்க வேண்டியதாகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களைப் பல் மருத்துவர் பிசினால் அடைத்துவிட்டால் சொத்தை நுழைய வழி குறையும். ஸ்காட்லாந்தில் மழலைப் பள்ளிகளிலேயே ஆசிரியர் மேற்பார்வையில் ஃபுளூரைடு பசையால் பல் துலக்கவைக்கும் திட்டம் நடக்கிறது. அங்கே பள்ளி சேரும் வயதில் சொத்தை தென்படாத பிள்ளைகள் 2003-ல் 45 விழுக்காடாக இருந்தார்கள். 2020-ல் 73 விழுக்காட்டைத் தாண்டினார்கள். தமிழ்நாட்டில் மதிய உணவும் காலை உணவும் பள்ளியிலேயே கொடுக்கிறோம். தட்டுக் கழுவும் குழாயடியிலேயே ஒரு பிரஷ்ஷும் பட்டாணி அளவு பசையும் சேர்ப்பது நம்மால் முடியாத செலவல்ல.

வலி வந்த பின் மருத்துவரிடம் போவதற்கும் தயக்கங்கள் உண்டு. மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பயம் அதில் ஒன்று. பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு, இரண்டுக்கும் தொடர்பில்லை. பணத்தைப் பற்றிய தயக்கமோ பொய்யல்ல. நெசவாளர்களுக்காக 2005-ல் தொடங்கிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை கிடைத்தது. அதில் பல்லுக்கு ஒதுக்கியது 250 ரூபாய். வேர் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால் பிடுங்கிவிடுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் பிடுங்குவதற்கும் வேர் சிகிச்சைக்கும் நடுவே மலிவான வழிகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளூரைடு பற்பசையையும், கிளாஸ் அயனோமர் சிமென்ட்டையும், சில்வர் டையமைன் ஃபுளூரைடையும் சேர்த்தது. கடைசியாகச் சொன்ன திரவத்தை ஒரு சொட்டு எடுத்துச் சொத்தையில் தடவினால் பெரும்பாலும் சொத்தை மேலும் பரவாமல் நின்றுவிடும்; ஊசி வேண்டாம், துளையிடும் கருவி வேண்டாம். தடவிய இடம் கறுத்துவிடும் என்பது ஒரு குறை. கடைவாயில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. சிமென்ட் அடைப்புக்குக் கைக்கருவியால் மென்மையான சொத்தையைச் சுரண்டி எடுத்தால் போதும், மின்சாரமே தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பள்ளி வகுப்பறையிலோ, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ இதைச் செய்யலாம். ஆறு வயதுப் பிள்ளைகளின் கடைவாயை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஃபுளூரைடு பூசி, குழி தெரிந்தால் அன்றே அடைத்துவிடும் ஒரு பல் மருத்துவர் வாலாஜாபாத் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சுற்றி வர வேண்டும். இந்தக் கோரிக்கையை நெசவாளர் சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்த்தே மாவட்ட நிர்வாகத்திடம் வைக்கலாம்.